வெள்ளரிப் பாத்தி வழியே ஓர் ஓடுபாதை

எங்கள் பள்ளிக்கு விமானப் பிரிவு வந்ததற்குக் காரணம் ஒரு பேனாக்கோடு. 1964இல் திருவள்ளூரில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளி, என்.சி.சி. வேண்டும் என்று விண்ணப்பித்தது. படிவத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று கட்டங்கள். எங்கள் தலைமையாசிரியர் அன்று கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டு அனுப்பிவிட்டார். உத்தரவு வந்த அன்று என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பாக்கியநாதன், ஏரோப்ளேன்லாம் கணக்குதானே? நீங்களே பாத்துக்குங்க."

அப்படித்தான் நான் அதிகாரி ஆனேன். மூன்று மாதப் பயிற்சிக்குப் போய்வந்து, தோளில் பட்டையோடு வகுப்புக்குள் நுழைந்தபோது பையன்கள் எழுந்து நின்ற விதமே வேறாக இருந்தது. முதல் ஆண்டு காக்கி உடுப்பு வந்தது, நீலத் தொப்பி வரவில்லை. என் மனைவி கிரேஸ் கடைத்தெருவில் நீலத் துணி வாங்கி நாற்பது தொப்பி தைத்துக்கொடுத்தாள். சுதந்திர தின அணிவகுப்பில் மழை பிடித்துக்கொண்டது. தாசில்தாருக்கு வணக்கம் வைத்து நடந்த நாற்பது பேரின் நெற்றியிலிருந்தும் மூக்கு வரை நீலச்சாயம் வழிந்தது. ஒருவனும் கையைத் தூக்கித் துடைக்கவில்லை. அன்றுதான் இந்தப் பையன்கள் மேல் எனக்குப் பிரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

எங்களிடம் விமானம் இல்லை. விமானத்தின் பாகங்களைக் காட்டும் ஒரு பெரிய படம் இருந்தது. ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டியிருந்தோம். எடை குறைந்த பால்சா மரத்தில் பொம்மை விமானங்கள் செய்தோம். ஆனால் சேரும்போதே பையன்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தது: ஒருநாள் உங்களை நிஜ விமானத்தில் ஏற்றுவோம். சொன்னவன் நான்தான். 65இல் அதற்கு ஏற்பாடு செய்தேன், போர் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் நாள் குறித்தோம், புயல் அடித்தது. அதற்கடுத்த ஆண்டு எனக்கே டைபாய்டு. பதினோராம் வகுப்பு முடித்துப் பையன்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், விமானத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

1968 ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதிய மணி அடிக்கும் நேரத்தில் ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்கப் பள்ளிக்குள் வந்தார். கோணமேட்டுத் தலையாரி சடையப்பன். செவ்வாப்பேட்டைக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கிறது கோணமேடு.

"சார், எங்க ஏரில ஏரோப்ளேன் ஒண்ணு உயுந்துட்ச்சி."

நான் பயந்துபோய், "ஆள் என்ன ஆனாரு?" என்றேன்.

"ஆளு நல்லாத்தான் கீறாரு. குந்திக்கினு வெள்ளரிக்கா துன்றாரு. போலீசாண்ட சொல்லிட்டேன். அங்க ரெண்டு பேருதான் கீறாங்களாம், உங்க பசங்கள இட்டாரச் சொன்னாங்க."

முப்பத்தெட்டு பேர் உடுப்பு மாட்டிக்கொள்ள எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு சைக்கிளுக்கு மூன்று பேர் என்று கிளம்பினோம்.

அந்த ஆண்டு மழை பொய்த்து ஏரி காய்ந்து கிடந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். இரண்டே இரண்டு பேர் உட்காரும் புஷ்பக். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, பொம்மையில் பார்த்ததைவிட எவ்வளவோ பெரியது. அதன் மூக்கில் இருந்த மரவிசிறி பாதியில் முறிந்து தொங்கியது. பையன்கள் சைக்கிள்களைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு நின்றார்கள். எல்லோரிலும் குள்ளமானவன் யேசுதாஸ், ஒன்பதாம் வகுப்பு. அவன் மட்டும் மெதுவாகக் கிட்டே போய் இறக்கையின் பின்விளிம்பை ஒரு விரலால் தொட்டான்.

"எய்லெரான் சார்," என்றான். பிறகு வாலுக்கு நடந்து போய், "ரட்டர்," என்றான். பள்ளிச்சுவர் படத்தில் இருந்தது அத்தனையும் இங்கேயும் இருக்கிறதா என்று சரிபார்க்கிறவனைப் போல.

விமானி ராஜவேலுவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பொன்னேரிக்காரர்; மீனம்பாக்கத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் ஆசிரியர். தனியாகப் பறந்து வரும்போது ஒரு பருந்து குறுக்கே வந்து விசிறியில் அடித்துவிட்டது. வறண்ட ஏரி கண்ணில் படவே இறக்கிவிட்டார். கரையிலிருந்து ஓடிவந்து, ஒரு வெள்ளரித் தோட்டத்து வேலிக்கு இருபது அடி முன்னால் நின்றிருக்கிறது விமானம். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து முதலில் சொன்னது இதுதானாம்: "எறங்குனதுதான் எறங்குன, கொடிய மெதிச்சிடாத நைனா. இப்பத்தான் பிஞ்சு வுட்டுக்கீது."

"அப்புறம்தான் அடி பட்டுச்சான்னு கேட்டாங்க," என்று சிரித்தார் ராஜவேலு. "கேட்டுட்டு நாலு காய் பறிச்சுக் குடுத்தாங்க."

காவல் பொறுப்பை எங்கள் சார்ஜென்ட் தேசப்பனிடம் விட்டேன். பதினோராம் வகுப்பு; கோணமேட்டுக் காலனிப் பையன். அதிகம் பேசமாட்டான். சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்வான். சுற்றிக் கயிறு கட்டி, பத்தடிக்கு ஒருவனை நிறுத்தினான். சாயங்காலத்துக்குள் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வந்துவிட்டன. மாட்டு வண்டியில் வந்தார்கள், நாஷ்டா கட்டிக்கொண்டு வந்தார்கள். இறக்கை துணியால் ஆனது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு விரல் குத்திப் பார்க்க ஆசைப்பட்டார்கள். தலையாரி சடையப்பன் தேங்காய், கற்பூரம், குங்குமத்தோடு வந்து நின்றார்.

தேசப்பன் அவர் எதிரே போய் நின்றான். "குங்குமம் வச்சிக்கோங்க மாமா. கற்பூரம் வேணாம். உள்ள பெட்ரோல் கீது."

"ஊருக்கு வந்த பொருளு, தீபம் காட்டாம எப்படிடா?"

"அங்க அரசமரத்தாண்ட ஏத்துங்க. இங்கேர்ந்தே கும்புட்டுக்கும்."

சடையப்பன் ஒரு கணம் யோசித்தார். பிறகு மரத்தடியில் போய்க் கற்பூரம் ஏற்றி, விமானத்தைப் பார்த்துக் காட்டிவிட்டுத் தேங்காயை உடைத்தார். முதல் சில்லை விமானிக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் ராஜவேலு ஏரியைக் காலால் அளந்தார். நானும் கூடவே நடந்தேன். புது விசிறி ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறது, பொருத்தியதும் பறந்துவிடலாம், ஆனால் எழும்புவதற்கு முந்நூற்றைம்பது கஜம் சமதரை வேண்டும் என்றார். கிழக்கே கரை, கரைமேல் பனைமரங்கள். வடக்கே மண் எடுத்த பள்ளங்கள். தெற்கே வேலிக்காத்தான் முள். காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் மேற்கே ஒரே வழி; அங்கேயும் கடைசியில் சில பனைகள் உண்டு. கரையடியிலிருந்து இருநூற்றெண்பது கஜம் தரை கிடைத்தது. அதற்கப்புறம் வெள்ளரித் தோட்டம்.

தேசப்பனைக் கூப்பிட்டேன். "அந்தத் தோட்டம் யாருதுப்பா?"

அவன் தோட்டத்தின் பக்கம் பார்க்காமலே, "அந்தம்மாவுதுங்க சார்," என்றான்.

"நீ இந்த ஊர்க்காரன்தானே. போய்ப் பேசிட்டு வா. விட்டுக் கொடுப்பாங்களான்னு கேளு."

"நான் வேணாம் சார். நீங்களே கேளுங்க."

நான்கு ஆண்டுகளில் அவன் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சரி என்று நானே போனேன். கங்கம்மாள் என்று பேர் சொன்னாள் அந்தப் பெண். நாற்பது வயது இருக்கும். ஏரிக்குள் ஆள் ஆழத்துக்கு ஊற்றுக்குழி தோண்டி வைத்திருந்தாள். அதிலிருந்து குடத்தில் மொண்டு பாத்தி பாத்தியாக ஊற்றியிருக்கிறாள். சுற்றிலும் வெடித்த மண். அதன் நடுவில் அரை ஏக்கருக்குப் பச்சை. நான் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டு, காற்று எந்தப் பக்கம், விமானம் எந்தப் பக்கம் என்று விளக்கினேன். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்த சார்ஜென்டு இன்னா சொன்னான் உங்களாண்ட?"

"அந்தம்மாவோட தோட்டம்னு சொன்னான்."

"அந்தம்மாவா?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நேத்து ராத்திரி என் தட்டுல கைய வுட்டு துன்னவன் சார் அவன். என் வயித்துல பொறந்தது."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. முதல் நாள் மதியத்திலிருந்து அந்தத் தாய் அங்கேதான் இருந்திருக்கிறாள். உடுப்பில் மகன் உத்தரவு போடுவதைப் பார்த்து, கூச்சத்தோடு தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போய் வேலை செய்திருக்கிறாள். அவன் ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. விடுவிடுவென்று திரும்பிப் போய் அவனை விமானத்தின் வாலுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனேன்.

"பெத்த தாயை அம்மான்னு சொல்ல வெட்கமாடா உனக்கு? மண்ணுல நின்னு வேலை செய்யிறாங்கன்னா?"

அவன் விறைப்பாக நின்றான். கண் மட்டும் கலங்கியது.

"வெக்கம் இல்ல சார்."

"பின்னே?"

"நான் போயி அம்மான்னு கூப்ட்டுக் கேட்டா, ஒரு பேச்சு பேசாம குட்த்துடும் சார். நாலு மாசமா கொடம் சொமந்து ஊத்திச்சி. புள்ள கேக்குறான்னு குடுக்கக் கூடாது. யாரோ எவரோ கேட்டாத்தான் அது வேணாம்னு சொல்ல முடியும். அதான் சார்."

அவன் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். பிறகு கங்கம்மாளிடம் போய், அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

அவள் குடத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"இவ்ளோ யோசிக்கிறானா அவன்," என்றாள். பிறகு, "வேணாம்னு சொல்லத்தான் வழி பண்ணிட்டானே. அப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இன்னிக்கும் நாளிக்கும் காய பறிச்சிக்குறேன். திங்கக்கிழம காத்தால நீங்க எட்த்துக்கோங்க. ஆனா கொடிய நான்தான் புடுங்குவேன். உங்க புள்ளைங்க பூட்சு காலு அதுமேல படக்கூடாது."

"சரிம்மா."

"அவனாண்டயும் சொல்லிடுங்க. அந்தம்மா சொல்லிச்சின்னு."

ராஜவேலு கழகத்தில் சொல்லித் தோட்டத்துக்கு ஏதாவது செய்யச் சொல்கிறேன் என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கூடையை எடுத்தாள்.

அன்று முழுக்கப் பையன்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தரையைச் சரிசெய்தார்கள். வெடிப்புகளில் மண்ணைக் கொட்டி மிதித்தார்கள். முள்ளை வெட்டினார்கள். காலனியிலிருந்து ஆண்களும் பெண்களும் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆறு பேர் மட்டும் பூட்ஸைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு கங்கம்மாளுக்கு வெள்ளரிக்காய் பறித்தார்கள். அதில் தேசப்பனும் ஒருவன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வரிசையில் எதிரெதிரே குனிந்து பறித்துக்கொண்டே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பாசஞ்சர் செவ்வாப்பேட்டைக்கு வந்தபோது, நடைமேடையில் என்.சி.சி. உடுப்பில் பத்துப் பேர் கூடையோடு நின்றார்கள். விற்கலாமா கூடாதா என்று சட்டத்தில் எங்கேயாவது இருந்திருக்கும். நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

"வெள்ளரிக்கா, வெள்ளரிக்கா," என்று முதலில் யேசுதாஸின் குரல்தான் கீச்சென்று வந்தது. ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டன. ஒரு பெரியவர், "இன்னாப்பா, மிலிட்டரில வெள்ளரிக்கா விக்கிறாங்களா?" என்று கேட்டார். "ஏர்போர்ஸ் சார்," என்றான் அவன். ரயில் நகர்வதற்குள் கூடைகள் காலி. கார்டு பெட்டியிலிருந்து கோணி சுற்றிய ஒரு நீளப் பொதியை இரண்டு மெக்கானிக்குகள் இறக்கினார்கள். காய் கொண்டுவந்த அதே மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, விசிறியைக் குழந்தைபோலப் படுக்கவைத்து, இரண்டு மைலும் கூடவே நடந்து வந்தோம்.

சாயங்காலம் விசிறி பொருத்தியாயிற்று. யேசுதாஸ்தான் கேட்டான்.

"சார், ஒரு ஆளு கூட வரலாமா? நான் வெய்ட்டே இல்ல."

ராஜவேலு என்னைப் பார்த்தார். நான்கு ஆண்டுக் கதையை அவருக்கு நான் சொல்லியிருந்தேன்.

"தம்பி, தரை பத்தாது. என் பையைக்கூட இங்க வச்சிட்டுத்தான் போறேன். பாதி பெட்ரோலை எறக்கிட்டேன். ஒரு ஆளு ஏறினா பனைமரத்துக்கு மேல தூக்காது."

"சரி சார்," என்றான் அவன். வேறு யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்துபோய், நிரவிய தரையில் கிடந்த சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்கள். தங்களை ஏற்றாமல் போகப்போகிற விமானத்துக்காக அந்தப் பையன்கள் கல் பொறுக்கியதைப் பார்க்க முடியாமல் நான் கரைமேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கங்கம்மாள் வந்தாள். காய் போய்விட்டது, ஆனால் கொடியில் பூவும் விரல் நீளப் பிஞ்சும் இன்னும் இருந்தன. பார்த்து நின்றாள். பிறகு குனிந்து முதல் கொடியை வேரோடு இழுத்தாள். மூன்றாவது கொடியில் தேசப்பன் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ போ. உன் வேலயப் பாரு," என்றாள்.

"எம்மா, நானும் புடுங்குறேன்மா," என்றான்.

அவள் தள்ளி இடம் விட்டாள். அரை மணியில் பச்சை எல்லாம் வேலியோரம் குவிந்துவிட்டது. வேலியையும் பிடுங்கினோம்.

மேல்காற்று எழும்பியது. மெக்கானிக் விசிறியைக் கையால் சுழற்றிவிட, இன்ஜின் பிடித்துக்கொண்டது. மஞ்சள் விமானம் கரையடியிலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்தது. நூறு கஜம், இருநூறு கஜம். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு பையன்கள் சொன்னார்கள். வெள்ளரிப் பாத்தி இருந்த இடத்தில் சக்கரங்கள் தரையை விட்டன. ஒருமுறை தாழ்ந்தது. மறுபடி தூக்கியது. மேற்குப் பக்கப் பனைகளின் ஓலைகள் காற்றில் பிரிந்து ஆடின. அதன் மேலே அது போய்விட்டது.

யாரும் கைதட்டவில்லை. சத்தம் தேய்ந்து முழுக்க மறையும்வரை எல்லோரும் வானத்தையே பார்த்தபடி நின்றோம்.

"போயிட்ச்சி சார்," என்றான் யேசுதாஸ்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒருவருக்குப் பத்து நிமிடம், முப்பத்தெட்டு பேரும் வரலாம். தோட்டத்துக்கு ஈடாக ஒரு தொகையும் அனுப்பியிருந்தார்கள். அடியில் ராஜவேலு கையால் எழுதியிருந்தார்: கங்கம்மாளை அவசியம் அழைத்து வரவும், முதல் முறை அவர்களுக்கு.

"எனக்கு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு," என்றாள் அவள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனில் நின்றிருந்தாள். பச்சைச் சேலை, தலையில் பூ. மீனம்பாக்கத்தில் ராஜவேலு அவளை ஏற்றி இருக்கைப் பட்டையைக் கட்டிவிட்டபோது, மகனைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். அவன் ஓடிப்போய்க் கதவருகில் ஏதோ சொன்னான். விமானம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. எங்கள் பிரிவு தொடங்கி நான்கு ஆண்டுக்குப் பிறகு, எங்களில் முதலில் பறந்தவள் கங்கம்மாள்.

இறங்கியதும் எல்லோரும் மொய்த்துக்கொண்டு எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"காது அடச்சிக்கிச்சி," என்றாள். பிறகு, "ஓட்டுன அந்தப் புள்ள ஒரு வார்த்த பேசல. பாவம், பயந்துக்கப் போவுதுன்னு நானேதான் பேசிக்கினே வந்தேன்."

தேசப்பன் 1970இல் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். யேசுதாஸ் பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது அங்கே வேலைக்குப் போனான். எங்கள் பிரிவு 1976 வரை நடந்தது. பள்ளியில் இடம் போதாமல் நிறுத்தினோம். அதற்குள் நூற்று எழுபது பேரை மேலே அனுப்பிவிட்டோம். நான் கணக்கு வாத்தியார். அந்த எண்ணிக்கை தப்பாது.

என் முறை 68 ஆகஸ்டின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் கடைசியாக வந்தது. எழும்பும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சார், கண்ணத் தொறங்க," என்றார் ராஜவேலு. "உங்க பசங்க கீழ நிக்கிறாங்க."

மெல்லத் திறந்து பார்த்தேன். ஓடுபாதையின் ஓரத்தில் காக்கிப் புள்ளிகளாக முப்பத்தெட்டு பேரும், தேசப்பன் உத்தரவில் இருக்க வேண்டும், எனக்காக வரிசையில் நின்று வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் நின்று பார்த்தபோதெல்லாம் நேர்க்கோடாகத் தெரிந்த அந்த வரிசை, மேலிருந்து பார்த்தால் நடுவில் நன்றாகவே வளைந்திருந்தது. இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கியபின் சொல்லவில்லை.